பழைய அலுமினிய சென்டர் கன்சோல் மீன்பிடி படகு: பிராண்டுகளுக்கிடையே தேர்ந்தெடுப்பது எப்படி?

பயன்படுத்திய அலுமினிய சென்டர் கன்சோல் படகை, அதாவது ஓட்டும் கட்டுப்பாட்டு மேடை நடுவில் நிற்கும் திறந்த படகை, முதன்முறையாக வாங்க முனைபவர் பெரும்பாலும் "எந்த பிராண்டு நல்லது?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார். புதிய படகு வாங்குபவருக்கு அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும். அவர் வாங்குவது நிறுவனத்தின் இன்றைய வேலைத்தரத்தை. பழைய படகை வாங்குபவரோ, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிறுவனம் எப்படிக் கட்டியது என்பதையும், அதன்பின் அந்தப் படகை யார், எந்த நீரில், எப்படி வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே வாங்குகிறார். ஆகையால் பிராண்டின் பெயரை விடையாகக் கொள்ளாமல், எதை ஆராய வேண்டும் என்று சுட்டும் குறிப்பாகக் கொள்வதே பயன் தரும். முதலில் தேவை, அடுத்துக் கட்டுமான முறை, அதன்பின் பெயர், கடைசியில் கண்முன் நிற்கும் அந்த ஒரு படகு என்ற வரிசையில் இந்தக் கட்டுரை செல்கிறது.

முதல் படி: படகு ஓடப்போகும் நீரை முடிவு செய்யுங்கள்

ஏரியும் ஆறும் ஒருவகை. கழிமுகமும் உப்பங்கழியும் இன்னொருவகை. அலை எழும் திறந்த கடல் மூன்றாவது வகை. இம்மூன்றுக்கும் ஒரே படகு சரிவராது. படகின் அடிப்பகுதி எவ்வளவு தட்டையாக இருக்கிறதோ அவ்வளவு ஆழம் குறைந்த நீரில் அது செல்லும், நின்ற நிலையில் ஆடாமல் இருக்கும். ஆனால் அலையை வெட்டாமல் அதன்மீது அறைந்து விழும். வி வடிவம் ஆழமாக ஆக ஓட்டம் மென்மையாகும். ஆனால் நின்ற நிலையில் ஆட்டம் கூடும், கூடுதல் குதிரைத்திறன் தேவைப்படும். படகின் பின்முனையில் இந்தச் சரிவு 8 முதல் 12 பாகை வரை இருந்தால் அது அமைதியான, ஆழமற்ற நீருக்கான படகு என்றும், 18 பாகைக்கு மேல் இருந்தால் கடலை நினைத்து வரையப்பட்டது என்றும் தோராயமாகக் கொள்ளலாம்.

அலுமினியம் எடை குறைந்தது என்பது பொதுவாக நன்மையாகவே பேசப்படுகிறது. சிறிய வாகனத்தால் இழுக்கலாம், குறைந்த எரிபொருளில் ஓட்டலாம், மணலிலும் கூழாங்கல்லிலும் தயங்காமல் கரையேற்றலாம். ஆனால் அதே எடைக்குறைவால்தான் காற்று அடிக்கும்போது படகு நிலைகொள்ளாமல் விலகிப்போகிறது. சிற்றலைகூட ஹல் எனப்படும் படகின் உடலில் மோதி ஒலிக்கிறது. கண்ணாடியிழைப் படகிலிருந்து மாறி வருபவர்கள் முதலில் குறைகூறுவது இந்த ஒலியைத்தான். இதை எந்த பிராண்டும் முழுமையாகத் தீர்த்துவிடவில்லை; ஆகவே ஒலி உங்களுக்குத் தாங்காதென்றால் பிராண்டுகளை ஒப்பிடுவதற்கு முன்பே பொருளை மறுபரிசீலனை செய்வது நல்லது.

இரண்டாம் படி: ரிவெட்டா, வெல்டிங்கா என்று பாருங்கள்

அலுமினியத் தகடுகளை இணைக்க இரண்டு முறைகள் உள்ளன. ரிவெட் அடித்த படகில் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இடையில் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சுடன் இறுக்கப்பட்டிருக்கும். இதில் தகட்டின் தடிப்பு பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும், எடை குறைவு. ஆண்டுக்கணக்கில் அலையில் அடிபடும்போது ரிவெட்டுகள் மெல்லத் தளர்ந்து கசியத் தொடங்குவது இதன் இயல்பு. அது பெரும்பாலும் திருத்தக்கூடிய குறைதான்: தளர்ந்த ரிவெட்டை இருபுறமும் பிடித்து மீண்டும் அடித்து இறுக்கலாம், அல்லது எடுத்துவிட்டுப் புதியது போடலாம்.

வெல்டிங் செய்த படகில் தகடு தடிமனாக இருக்கும். ஆறு, கழிமுகப் படகுகளில் 2.5 முதல் 3.2 மில்லிமீட்டர் வரையும், கடற்படகுகளின் அடிப்பகுதியில் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரையும் காணலாம். வெல்டிங் கசியாது, ஆனால் குறை வந்தால் அது விரிசலாக வரும். விரிசலைச் சரிசெய்ய அலுமினிய வெல்டிங்கில் தேர்ந்தவர் வேண்டும். அதைவிட முக்கியமாக, விரிசல் ஏன் வந்தது என்று அறிய வேண்டும். உள்ளே இருக்கும் சட்டம் உடைந்ததால் வெளித்தகடு விரிசல்விட்டிருந்தால், மேலே ஓர் ஒட்டு வைத்து வெல்டிங் செய்வதால் எதுவும் தீராது; அடுத்த பருவத்தில் அது பக்கத்திலேயே மீண்டும் திறக்கும்.

உலோகக் கலவையும் கேட்டறிய வேண்டிய ஒன்று. 5052 என்ற கலவையில் மெக்னீசியம் சுமார் 2.5 விழுக்காடு, வளைக்க எளிது, ரிவெட் படகுகளிலும் இலகுவான வெல்டிங் படகுகளிலும் இதுவே பரவலாக உள்ளது. 5086-இல் சுமார் 4 விழுக்காடும், 5083-இல் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் மெக்னீசியம் உள்ளது. இவை வலிமை மிகுந்த கடற்தரத் தகடுகள். குழாய், விளிம்புச் சட்டம் போன்ற, அச்சுத்துளை வழியே அழுத்தித் தள்ளி உருவாக்கிய பகுதிகளுக்கு 6061 பயன்படுகிறது. வெப்பப்பதம் செய்து பெற்ற அதன் வலிமை வெல்டிங் சூடு பட்ட இடத்தில் கணிசமாகக் குறைந்துவிடும் என்பதால், கைப்பிடிக் கம்பிகளின் அடியிலும் மேற்கூரைக் கால்களின் அடியிலும் விரிசல் தேடுவது வீண்வேலை அல்ல. விற்பவருக்குக் கலவை எண் தெரியாவிட்டால், நிறுவனத்தின் அந்த ஆண்டுக் கையேட்டில் அது இருக்க வாய்ப்புண்டு.

மூன்றாம் படி: பெயர்களை வகைப்படுத்துங்கள்

இப்போதுதான் பிராண்டுகளின் பெயர் நமக்குப் பொருள் தரத் தொடங்கும். அமெரிக்காவில் லண்ட் 1948 முதல் மின்னசோட்டாவின் ஏரிகளை நோக்கிப் படகு கட்டிவருகிறது. ரிவெட் அடித்த வி வடிவப் படகுகளே அதன் அடையாளம். அதே மாநிலத்தின் அலுமாக்ராஃப்டும் ரிவெட் மரபைச் சேர்ந்தது. அடிப்பகுதியில் இரட்டைத் தகடு வைப்பதைத் தன் சிறப்பாக அது சொல்லிக்கொள்கிறது. மூன்றாவது மின்னசோட்டா நிறுவனமான கிரெஸ்ட்லைனர் வெல்டிங் முறையை முன்னிறுத்துகிறது. ஏரிகளுக்காகவே வளர்ந்த இந்த மூன்றும் நன்னீரில் பெயர் பெற்றவை. அவற்றின் பட்டியலில் சென்டர் கன்சோல் அமைப்பு முதன்மையான வகை அல்ல. கிரெஸ்ட்லைனரின் பே வரிசை போன்ற சிலவே உண்டு.

ஆழமற்ற நீருக்கான சென்டர் கன்சோல் வேண்டுமென்றால் தெற்கு நோக்கிப் பார்க்க வேண்டும். ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸில் உள்ள எக்ஸ்பிரஸ், மான்டிசெல்லோவில் உள்ள சீஆர்க், வார் ஈகிள், மிசௌரியின் லெபனானில் யமஹாவுக்குச் சொந்தமான ஜி3, பாஸ் புரோ குழுமத்தின் டிராக்கர் ஆகியவை சதுப்பு, ஆறு, கழிமுகம் ஆகிய நீர்நிலைகளின் தேவையிலிருந்து பிறந்தவை. இவற்றில் பெரும்பாலானவை வெல்டிங் செய்த, தட்டைக்கு நெருக்கமான அடிப்பகுதி கொண்டவை. இவற்றை அலைகடலுக்குக் கொண்டுபோய்விட்டு ஓட்டம் கடினமாக இருக்கிறது என்று குறைகூறுவது படகின் பிழையாகாது.

கடலுக்கு என்றால் அமெரிக்காவின் வடமேற்குக் கரை வேறொரு மரபைக் கொண்டிருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் கட்டப்படும் பசிபிக் ஸ்கிஃப் தடித்த தகட்டில் சென்டர் கன்சோல்களைச் செய்கிறது. அதே மாநிலத்தின் ஹியூஸ்கிராஃப்ட், ஆரிகனின் நார்த் ரிவர் போன்றவை வலுவான படகுகளைக் கட்டினாலும், குளிரான கரை என்பதால் மூடிய ஓட்டுநர் அறையும் முன்கண்ணாடியும் உள்ள அமைப்புகளே அவற்றில் மிகுதி.

ஆஸ்திரேலியாவில் குயின்ட்ரெக்ஸ், ஸ்டேசர் ஆகிய இரண்டையும் கோல்டு கோஸ்ட்டில் உள்ள டெல்வாட்டர் என்ற ஒரே நிறுவனம் கட்டுகிறது. மெல்லிய தகட்டை அழுத்தி வடிவமைத்த இலகுவான படகுகள் அங்கு பெருவழக்கு. பார் கிரஷர் போன்றவை தடித்த தகட்டுப் படகுகள். நியூசிலாந்தில் 1987-இல் இன்வர்கார்கில்லில் தொடங்கிய ஸ்டேபிகிராஃப்ட் பக்கங்களில் மூடிய காற்றறைகளை வைத்து நிலைத்தன்மையையும் மிதப்பையும் பெறுகிறது. சர்டீஸ் படகுகள் நின்ற நிலையில் அடியறையில் கடல்நீரை ஏற்றிக்கொண்டு ஆட்டத்தைக் குறைத்து, ஓடத் தொடங்கியதும் அதை வெளியேற்றுகின்றன. ஃபின்லாந்தின் பஸ்டர், கற்பாறைகள் நிறைந்த வட ஐரோப்பியக் கரைகளுக்கான எளிய, உறுதியான வகை.

இந்தப் பட்டியலைப் பார்த்து ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளும் ஆசை எழும். எழுந்தால் சற்று அடக்கிக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனம் ரிவெட் படகையும் வெல்டிங் படகையும் அடுத்தடுத்த பக்கங்களில் விற்பதுண்டு. டிராக்கரின் கிரிஸ்லி வரிசை முழுவதும் வெல்டிங் செய்தது என்பதால் அந்தப் பெயர் தாங்கிய எல்லாப் படகுகளும் அப்படியே என்று எண்ணிவிடக் கூடாது. இரு நிறுவனங்களின் சமநிலைப் படகுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, ஒரே நிறுவனத்தின் மலிவு வரிசைக்கும் உயர் வரிசைக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் பெரியது. எனவே ஒப்பிடும்போது பிராண்டோடு பிராண்டை அல்ல, மாடலோடு மாடலை வையுங்கள்: அடித்தகட்டின் தடிப்பு, பின்முனைச் சரிவு, வெற்று எடை, அகலம், அனுமதிக்கப்பட்ட அதிகபட்சக் குதிரைத்திறன் ஆகிய ஐந்தும் ஒரு தாளில் எழுதப்பட்டால் விளம்பரச் சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். ஒரே நீளமும் அகலமும் உள்ள இரண்டு படகுகளில் ஒன்று நூறு கிலோ கூடுதலாக இருந்தால், அந்த நூறு கிலோ தகட்டிலும் சட்டத்திலும் இருக்கிறதா, இருக்கையிலும் மரத்திலும் இருக்கிறதா என்பதே அடுத்து விடை தேட வேண்டிய வினா.

நான்காம் படி: கட்டிய ஆண்டையும் நிறுவனத்தின் அன்றைய உரிமையாளரையும் கண்டறியுங்கள்

அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் கட்டப்பட்ட படகுகளில் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட ஹல் அடையாள எண் இருக்க வேண்டும். அது பின்பலகையின், அதாவது எஞ்சின் மாட்டப்படும் பின்சுவரின், வலப்புற மேற்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் மூன்று எழுத்துகள் கட்டியவரைக் குறிக்கும். அந்தக் குறியீட்டை அந்நாட்டுக் கடலோரக் காவல்படையின் பொதுப் பதிவேட்டில் தேடலாம். 1984 ஆகஸ்டு முதல் உள்ள வடிவத்தில் கடைசி நான்கு இடங்கள் தேதியைச் சொல்கின்றன: ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்து ஜனவரி என்று தொடங்கி பன்னிரண்டாவது எழுத்து டிசம்பர் வரை மாதம், அடுத்த எண் ஆண்டின் கடைசி இலக்கம், கடைசி இரண்டு எண்கள் மாடல் ஆண்டு. "D516" என்று முடிந்தால் அது 2015 ஏப்ரலில் கட்டிய, 2016-ஆம் மாடல் படகு. விற்பவர் சொல்லும் ஆண்டும் இதுவும் வேறுபட்டால், அல்லது எண் சுரண்டப்பட்டோ மீண்டும் அடிக்கப்பட்டோ தோன்றினால், அந்தப் படகை விட்டு வந்துவிடுங்கள்.

ஆண்டு ஏன் முக்கியம் என்றால், பெயர் அப்படியே இருக்க, பின்னால் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். லண்ட், கிரெஸ்ட்லைனர், லோ ஆகிய மூன்றும் இன்று பிரன்ஸ்விக் என்ற ஒரே குழுமத்திற்குச் சொந்தம். அலுமாக்ராஃப்ட் 2018-இல் கனடாவின் பிஆர்பி குழுமத்தின் கைக்குப் போனது. 2019-இல் அதே குழுமம் டெல்வாட்டரின் பெரும்பங்கை வாங்கியது. 2024-இல் இந்தப் படகுத் தொழில்கள் அனைத்தையும் விற்கப்போவதாக அறிவித்தது. கைமாறியதால் தரம் கெட்டுவிடும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் "அந்தக் காலத்துப் படகு அருமை" என்ற புகழ் எந்தக் காலத்தைக் குறிக்கிறது என்று கேட்காமல் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

உடைமைத் தொடர்பு எஞ்சினிலும் தெரியும். பிரன்ஸ்விக் குழுமப் படகுகளில் அதன் சொந்த மெர்க்குரி எஞ்சின்களும், ஜி3 படகுகளில் யமஹாவும் மிகுதி. பிஆர்பி வாங்கிய பிந்தைய ஆண்டுகளின் அலுமாக்ராஃப்ட்களில் அக்குழுமத்தின் எவின்ரூட் எஞ்சினைக் காணலாம். அந்த எஞ்சின் தயாரிப்பு 2020 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. எவின்ரூட் மோசமான எஞ்சின் என்பதல்ல பொருள். உங்கள் ஊருக்கு எட்டும் தொலைவில் அதைப் பழுதுபார்ப்பவர் இருக்கிறாரா என்று விலை பேசும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே.

"வாழ்நாள் உத்தரவாதம்" என்ற சொல் விளம்பரத்தில் இருந்தால் அது யாருடைய வாழ்நாள் என்று படித்துப் பாருங்கள். அத்தகைய உத்தரவாதங்கள் பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிகின்றன, அல்லது குறிப்பிட்ட காலத்திற்குள் முறைப்படி மாற்றிக்கொண்டால் மட்டும் குறைந்த அளவில் தொடர்கின்றன.

ஐந்தாம் படி: அரிப்பைத் தேடுங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரத்தில் பாதியைச் செலவிட வேண்டும். அலுமினியம் காற்றுபட்டவுடன் தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்தப் படலம் புதுப்பித்துக்கொள்ளக் காற்று வேண்டும். காற்றுப் புகாமல் ஈரம் மட்டும் ஒட்டிக்கிடக்கும் இடங்களில், அதாவது நனைந்த ஃபோம், கம்பளம், மரம் ஆகியவற்றின் அடியில், படலம் தோற்றுப்போய்த் தகடு குழிகுழியாக அரிக்கப்படுகிறது. வெளியே பளபளப்பாக இருக்கும் படகு உள்ளிருந்து துளைபடுவது இப்படித்தான்.

தளத்தின் மூடிகள் அனைத்தையும் திறந்து, கைவிளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு அடித்தகட்டைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அதைத் துடைத்துவிட்டு அடியில் குழி இருக்கிறதா என்று ஊசிமுனையால் தொட்டுணருங்கள். வெறும் மேற்பரப்பு மங்கலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நகம் சிக்கும் ஆழமுள்ள குழிகளுக்கு அஞ்ச வேண்டும்.

அடுத்தது வேறு உலோகங்களின் தொடர்பு. அலுமினியமும் செம்பும் உப்புநீரும் ஒன்றுகூடினால் அரிபடுவது அலுமினியமே. செம்பு கலந்த பாசித்தடுப்புப் பூச்சு அடியில் பூசப்பட்டிருந்தால், அடியில் செப்பு நாணயமோ செப்புக் கம்பித் துண்டோ விழுந்து கிடந்தால், பூச்சியரிப்பைத் தடுக்கச் செம்பு உப்பு ஏற்றிய மரம் தளத்திலோ பின்பலகையிலோ பயன்படுத்தப்பட்டிருந்தால், அந்த இடங்களை ஐயத்தோடு பாருங்கள். பழைய தளம் அழுகியதால் முன்னாள் உரிமையாளர் தாமே புதுத்தளம் போட்ட படகுகளில் இந்தக் கடைசிப் பிழை அடிக்கடி காணப்படும்; அவர் நல்ல எண்ணத்தோடு கெடாத மரத்தைத் தேடி வாங்கியிருப்பார். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளித்திருந்தால் அங்கே காப்புப் பசை இல்லாமல் திருகியிருக்கிறார்கள் என்று பொருள். ரிவெட் படகில் ஒரு சிறு காந்தத்தை ரிவெட் வரிசைமேல் ஓட்டிப் பாருங்கள். அது ஒட்டினால் யாரோ எஃகு ரிவெட் அடித்து ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

அரிப்புக்குப் பலியாகித் தகட்டைக் காக்கும் ஆனோடு கட்டிகளும் பேசும். பாதி கரைந்திருந்தால் அவை வேலை செய்கின்றன. பல ஆண்டுப் படகில் அவை புத்தம்புதிதாக இருந்தால் நேற்று மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது மின்தொடர்பே இல்லாமல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கலாம். உப்புநீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவை, நன்னீருக்கு மெக்னீசியம் என்பது பொதுவிதி. கரையிலிருந்து வரும் மின்சாரத்தோடு இணைத்து மரீனா எனப்படும் படகுத்துறையில் நீரிலேயே நிறுத்தப்பட்ட படகைவிட, ட்ரெய்லரில் கரையேற்றி வைக்கப்பட்ட படகையே நான் தேர்வு செய்வேன். அண்டைப் படகின் மின்கசிவுகூட அலுமினிய ஹல்லைத் தின்னக்கூடும். அதேபோல், அடிப்பகுதியில் பெயின்ட் பூசாத படகு பார்வைக்கு எளியதானாலும் ஆய்வுக்கு நேர்மையானது. விற்பதற்குச் சற்றுமுன் அடியில் புதுப்பெயின்ட் பூசியிருந்தால் அதன் அடியில் என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி ஃபோம். மிதப்புக்காகத் தளத்தின் அடியில் ஊற்றிய ஃபோம் ஆண்டுகள் செல்லச்செல்ல நீரை உறிஞ்சிக்கொள்ளக்கூடும். உறிஞ்சிய ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. இதைக் கண்டறிய எளிய வழி எடைமேடைதான்: படகை ட்ரெய்லரோடு எடைபோட்டு, ட்ரெய்லர், எஞ்சின், எரிபொருள், மின்கலம் ஆகியவற்றின் எடையைக் கழித்து, மீதியை நிறுவனம் அறிவித்த வெற்று எடையோடு ஒப்பிடுங்கள். பொருத்தியிருக்கும் சாமான்களால் விளக்க முடியாத நூறு, இருநூறு கிலோ கூடுதலாக வந்தால் அது நீராகவே இருக்கும். அந்த நீர் எந்தத் தகட்டோடு ஒட்டிக்கிடக்கிறது என்பது உங்களுக்கு இப்போது தெரியும். இந்த ஒரு சோதனையைச் செய்பவர்கள் மிகக் குறைவு. பிராண்டுகளுக்கிடையே தடுமாறி நிற்கும்போது முடிவைத் தந்துவிடக்கூடியதும் இதுவே.

ரிவெட் கசிவைப் பார்க்க, ட்ரெய்லரில் இருக்கும் படகின் உள்ளே சில சென்டிமீட்டர் உயரத்திற்கு மட்டும் நீர் விட்டு, வெளியே சொட்டும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறிக்கலாம். விளிம்புவரை நிரப்பாதீர்கள், ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன் எடை, ட்ரெய்லர் அதைத் தாங்க வடிவமைக்கப்படவில்லை. வெல்டிங் படகில் சந்தேகமான கோட்டின்மேல் விரிசல்காட்டும் சாயத்தைத் தெளித்துத் துடைத்தால் விரிசல் நிறம் காட்டும். அடிப்பகுதியில் நீளவாட்டில் ஓடும் புடைப்பு வரிகள் முடியும் முனைகள், பின்பலகை அடிப்பகுதியைச் சந்திக்கும் மூலைகள், ட்ரெய்லர் தாங்குகட்டைகள் அழுத்தும் இடங்கள் ஆகியவற்றில் முதலில் தேடுங்கள்.

ஆறாம் படி: சென்டர் கன்சோலுக்கே உரிய இடங்களைச் சோதியுங்கள்

நடுவில் நிற்கும் கன்சோல் மூன்று சிக்கல்களைக் கொண்டுவருகிறது. ஒன்று, அதன் முழுப் பிடிமானமும் தளத்தில்தான். தளம் மரப்பலகையாக இருந்து அதன் உட்பகுதி மென்மையாகிவிட்டிருந்தால், ஓடும் படகில் ஓட்டுநர் பிடித்துக்கொண்டு நிற்கும் கன்சோல் ஆடத் தொடங்கும். இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் வலுவாக அசைத்துப் பாருங்கள். மேற்கூரை பொருத்தியிருந்தால் அதன் கால்கள் எதில் ஊன்றியிருக்கின்றன என்று காணுங்கள். தொழிற்சாலையில் வைத்த கூரைக்கு அடியில் வலுத்தகடு இருக்கும், பின்னாளில் வெளியே செய்து வைத்ததற்கு இருக்கும் என்று நம்ப முடியாது. இலகுவான படகில் கூரை காற்றையும் பிடிக்கும். அந்த இழுப்பு முழுவதும் அந்த நான்கு கால்களின் அடியில் போய்ச் சேர்கிறது.

இரண்டு, கம்பிகளும் கட்டுப்பாட்டு வடங்களும் கன்சோலிலிருந்து பின்முனைவரை தளத்தின் அடியில் ஒரு குழாய்வழியே செல்கின்றன. ஒவ்வோர் உரிமையாளரும் ஒரு புதுக் கருவியைச் சேர்க்கும்போது ஒரு கம்பியை அதில் திணித்திருப்பார். கன்சோலின் கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். உருகிப்பெட்டியும், பெயர் குறித்த கம்பிகளும் ஒழுங்காக இருந்தால் அந்த உரிமையாளர் மற்றவற்றையும் ஒழுங்காகக் கவனித்திருக்க வாய்ப்பு அதிகம். மின்னோட்டம் திரும்பும் வழியாக ஹல்லைப் பயன்படுத்தியிருந்தால் அது பெரும் பிழை. அலுமினியப் படகில் எதிர்முனைக்கும் தனிக்கம்பி வேண்டும்.

மூன்று, எரிபொருள் தொட்டி. பல படகுகளில் அது தளத்தின் அடியில், சில நேரம் ஃபோமில் புதைக்கப்பட்டு இருக்கும். அலுமினியத் தொட்டியும் அதே அரிப்புக்கு உட்பட்டதே. தளத்தை அறுக்காமல் தொட்டியை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எளிதில் கழற்றக்கூடிய மூடியை வைத்திருக்கும் நிறுவனத்தை, மற்றவை ஏறத்தாழச் சமமாக இருந்தால், முன்னே வைக்கலாம். பத்தாண்டு கழிந்த படகில் இது பெயரைவிடப் பெரிய தகுதி.

நீர் வடியும் தளமா என்பதையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். கடற்படகில் தளம் நீர்மட்டத்திற்கு மேலே இருந்து, ஏறிய நீர் தானாகப் பின்னால் வெளியேற வேண்டும். இலகுவான ஆற்றுப் படகுகள் பலவற்றில் நீர் தளத்தின் அடியில் சேர்ந்து பம்பு வழியாகத்தான் வெளியேறும். இரண்டும் தத்தம் இடத்தில் சரியானவை. ஆனால் ஒன்றை மற்றதென்று எண்ணி வாங்குவது ஆபத்து.

ஏழாம் படி: பின்பலகை, எஞ்சின், ட்ரெய்லர்

எஞ்சினைப் பாதி உயர்த்திவைத்து அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது பின்பலகை வளைந்துகொடுத்தால் உள்ளே உள்ள மரம் அழுகியிருக்கலாம். சுத்தியலின் பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்றும் கெட்டது மந்தமாகவும் ஒலிக்கும். முழுவதும் அலுமினியத்தால் கட்டிய பின்பலகை இந்தக் கவலையைத் தராது; அங்கே மூலை வெல்டிங்கைப் பாருங்கள்.

எஞ்சினைத் தனியொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சிலிண்டர்களின் அழுத்த அளவுகள் ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பற்சக்கரங்கள் உள்ள கீழ்ப்பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. கணினியுள்ள எஞ்சின்களில் ஓடிய மணிநேரத்தை எடுத்துப் பார்க்கலாம். பல பழைய படகுகளில் எஞ்சினின் மதிப்பு ஹல்லின் மதிப்பைவிடக் கூடுதல் என்பதால், சுமாரான பெயருள்ள ஹல்லும் நல்ல எஞ்சினும் சேர்ந்த படகு, புகழ்பெற்ற ஹல்லும் களைத்த எஞ்சினும் சேர்ந்ததைவிட மேல்.

ட்ரெய்லரில் அச்சு, சக்கரத் தாங்கி, தாங்குகட்டைகள் மூன்றையும் பாருங்கள். கட்டையைப் போர்த்திய கம்பளம் உப்புநீரைத் தேக்கிவைத்து அதே இடத்தில் தகட்டை அரித்திருக்கலாம்.

எட்டாம் படி: நீரில் ஓட்டிப் பாருங்கள்

வெயில் அடிக்கும் அமைதியான காலையில் தனியாக ஓட்டிப் பார்ப்பதால் அதிகம் தெரியாது. வழக்கமாக ஏறும் ஆட்களோடும் நிரம்பிய தொட்டியோடும், சிறிது காற்று இருக்கும் நேரத்தில் ஓட்டுங்கள். முழு விசையில் எஞ்சினின் சுழற்சி, அதன் கையேடு சொல்லும் எல்லைக்குள் வர வேண்டும். பல நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு அது நிமிடத்திற்கு 5,000 முதல் 6,000 வரை. எட்டவில்லையென்றால் சுழலி (ப்ரொப்பெல்லர்) பொருந்தவில்லை, படகு எடை கூடியிருக்கிறது, அல்லது எஞ்சின் தளர்ந்திருக்கிறது. அலையை நேராகவும் பக்கவாட்டிலும் சந்தித்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே பக்கம் வந்து நின்று மீன் ஏற்றும் நிலையில் படகு எவ்வளவு சாய்கிறது என்று காணுங்கள். கரையேறியதும் வடிகால் அடைப்பைத் திறந்து வெளியேறும் நீரை ஒரு வாளியில் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: தகடும் தாள்களும்

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த ஒற்றை ஹல் படகுகளில் ஆட்கள், எடை, குதிரைத்திறன் ஆகியவற்றின் எல்லையைச் சொல்லும் தகடு கட்டாயம். அதே நீளத்திற்குள் உள்ள, எஞ்சினை வெளியே பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு படகுகள் நீர் நிரம்பினாலும் சமநிலையில் மிதக்கும்படி கட்டப்பட்டிருக்க வேண்டும். 20 அடியும் அதற்கு மேலும் என்றால் இந்த இரண்டும் கட்டாயமல்ல என்பதால், 19 அடிப் படகையும் 21 அடிப் படகையும் ஒப்பிடும்போது மிதப்பு ஃபோம் இருக்கிறதா என்று தனியே கேட்க வேண்டும். ஐரோப்பாவில் விற்கப்பட்ட படகில் வடிவமைப்பு வகையைப் பாருங்கள்: சி வகை போஃபோர்ட் அளவில் காற்று விசை 6, அலை உயரம் 2 மீட்டர் வரைக்கும், பி வகை விசை 8, 4 மீட்டர் வரைக்கும் உரியது. தகட்டில் உள்ள எல்லையைவிடப் பெரிய எஞ்சின் மாட்டப்பட்டிருந்தால் காப்பீடு மறுக்கப்படலாம். பின்பலகை எத்தனை ஆண்டு அந்தச் சுமையைத் தாங்கியது என்ற கேள்வியும் எழும்.

படகு, எஞ்சின், ட்ரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. மூன்றும் பதிவுத் தாள்களோடு பொருந்த வேண்டும். கடன் நிலுவை இல்லை என்பதற்கு எழுத்து வேண்டும். முன்பணம் கொடுப்பதானால், நீரில் ஓட்டிப் பார்ப்பதும் எஞ்சின் சோதனையும் எடைச் சோதனையும் நிறைவாக அமையாவிட்டால் அது திரும்பத் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அதற்கு உடன்படாத விற்பனையாளரிடம் விலையைக் குறைத்துக் கேட்பதைவிட, இரண்டாவதாகக் குறித்து வைத்திருக்கும் படகைப் பார்க்கக் கிளம்புவது மேல்.